எங்கள் கொம்பியூட்டர் பிரெஞ்சு எழுதிய நாட்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை, இப்போது நான் வேலை செய்யும் இடத்தில், தேநீரை மேசையில் வைத்துவிட்டு மின்னஞ்சலைத் திறந்தால் முதல் வரி இப்படி இருந்தது: à®µà®£à®•à¯à®•à®®à¯. யாரோ புதிதாக ஒரு மென்பொருள் பூட்டியிருக்கிறார்கள். கோப்புகளையெல்லாம் நாளாந்தம் பிரதி எடுத்துவிட்டு, எடுத்தாயிற்று என்று தானாகவே கடிதம் அனுப்புமே, அந்த வகை. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "வைரஸா?" என்றார். "இல்லை, வணக்கம் சொல்லுது" என்றேன். அவர் தன் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அவருக்கு அது குப்பை. எனக்கு அந்த எழுத்தைக் கண்டதும் மஞ்சள் வாசம் அடித்தது. சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான். சாதகக் குறிப்பின் நான்கு மூலையிலும் மஞ்சள் பூசுவார்கள் அல்லவா? அப்படிப் பூசிய நூற்றுக்கணக்கான குறிப்புகளை ஓர் இரும்பு அலுமாரிக்குள் அடைத்து, கொழும்பு வெள்ளவத்தைக் கடற்காற்றில் சில வருடம் ஊறவிட்டால் ஒரு வாசம் வரும். பாதி கோயில், பாதி துருப்பிடித்த ஆணி. என் முதல் வேலையின் வாசம் அது.

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு தையற்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தத் திருமணத் தகவல் நிலையம். நடத்தியவர் சிவகாமி அன்ரி. ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் அவர் சமன்பாட்டின் இரண்டு பக்கங்களாகவே பார்த்தார் என்பது என் எண்ணம். ஒரு பக்கம் பொறியியலாளர் என்றால் மறுபக்கம் ஆகக் குறைந்தது ஓர் ஆசிரியையாவது நிற்க வேண்டும்.

நான் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவேன். ஆறு மாதக் கணினி வகுப்பு முடித்த சான்றிதழ் ஒன்று கையில் இருந்தது. இருபத்திரண்டு வயது. எங்கள் வீட்டில் இந்தியத் தமிழ். "ஆமாங்க" என்று நான் வாயைத் திறந்ததும் நேர்முகத் தேர்விலேயே அன்ரி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "ஓம் எண்டு சொல்லப் பழகும் பிள்ளை. இஞ்ச வாற ஆக்கள் பயந்திடுவினம்." நானும் பழகிப் பார்த்தேன். "ஓமுங்க" என்று வந்தது. அதோடு அன்ரி கைவிட்டுவிட்டார்.

அலுவலகத்தில் மூன்றாவது ஆள் தர்ஷி அக்கா. முழுப் பெயர் தர்ஷினி. பாமன்கடையிலிருந்து ஊதாக் குடை பிடித்து நடந்தே வருவாள். வருகிற விவரங்களைத் தமிழில் தட்டி, ஆளுக்கொரு கோப்பாகச் சேமிப்பது அவள் வேலை. முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது, அவளுடைய குறிப்பும் அதே அலுமாரிக்குள்தான் கிடந்தது. அன்ரிக்கு இது ஒரு மானப் பிரச்சினை. "கலியாணக் கந்தோரில வேலை செய்யிற பிள்ளைக்கே கலியாணம் சரிவராட்டி, எங்களை ஆர் நம்பி வருவினம்?" என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். தர்ஷி அக்கா தலையைக் குனிந்துகொண்டு வேகமாகத் தட்டுவாள்.

உப்புக்காற்றில் ஒரு நாள் பழைய கொம்பியூட்டர் ஒன்று கண்ணை மூடியது. அதோடு கனடா மாப்பிள்ளைமார் அத்தனை பேரும் போனார்கள். அன்ரி செத்த வீட்டில் இருப்பதுபோல் இருந்தார். "இனி இப்பிடி நடக்கக் கூடாது" என்றார். நான் உற்சாகமாக ஓர் இலவச மென்பொருளைப் பூட்டினேன். அது எல்லாக் கோப்புகளையும் இன்னொரு சேமிப்புப் பெட்டிக்குள் பிரதி எடுத்து, விவரத்தை அன்ரிக்கு மின்னஞ்சலில் அறிவிக்கும். மாலை ஐந்து மணிக்கு அன்ரி எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ஆகவே பகல் ஒரு மணிக்கு, நாங்கள் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும் நேரம், அது வேலை செய்யும்படி வைத்தேன்.

"கடிதம் தமிழில வரவேணும்" என்பது அன்ரியின் கட்டளை. எனக்கும் அது பெருமையாக இருந்தது. நானே உட்கார்ந்து வாசகம் எழுதினேன். வணக்கம் அன்ரி. இன்றைய கோப்புகள் பிரதி எடுக்கப்பட்டன. திறந்திருந்ததால் எடுக்க முடியாத கோப்பு: இன்னது. கீழே என் பெயர். எனக்கே ஒன்று அனுப்பிப் பார்த்தேன். முத்து முத்தாக வந்தது.

அடுத்த நாள் ஒன்றேகாலுக்கு அன்ரியின் அறையிலிருந்து குரல் கேட்டது. "பிள்ளை, இஞ்ச ஒருக்கா வாரும். உது என்ன பாஷை?"

போய்ப் பார்த்தேன். திரை முழுவதும் தொப்பி போட்ட எழுத்துகள், புள்ளிகள், வட்டத்துக்குள் ஓர் ஆர். என் அழகிய தமிழில் ஓர் எழுத்துக்கூட இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆறு மாதச் சான்றிதழ் சொல்ல விடவில்லை.

"அது பாதுகாப்புக்குங்க அன்ரி. வேற ஆளுங்க வாசிக்க முடியாத மாதிரி ரகசிய எழுத்துல வருதுங்க."

"அப்ப நானும் வாசிக்கேலாதோ?"

"நீங்களும் முடியாதுங்க. அவ்வளவு பாதுகாப்பு."

அன்ரியின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்று முதல் தினமும் வரும் கடிதத்தை அச்செடுத்து ஒரு கோவையில் கோத்து வைத்தார். வருகிற பெற்றோருக்கெல்லாம் விரித்துக் காட்டினார். "உங்கட பிள்ளையின்ர விவரம் எல்லாம் உப்பிடித்தான் இருக்கும். கள்ளன் வந்தாலும் வாசிக்கேலாது." ஒரு தாயார் அந்தக் காகிதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

இப்படியே ஒரு மாதம் போயிருக்கும். அப்போதுதான் மொன்றியல் மாப்பிள்ளை ரமணனின் விவரம் வந்தது. மூன்று பக்கம். ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் புலமை என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கூடவே ஏதோ ஒரு பிரெஞ்சுச் சான்றிதழ். அன்ரி அதை வாசித்தார், நிறுத்தினார், கோவையை எடுத்தார், இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கணித ஆசிரியை அல்லவா, ஒற்றுமை கண்ணில் பட்டுவிடும்.

"பிள்ளை, பாரும். அதே ஏ. தலையில அதே கோடு. உது ரகசிய எழுத்தில்லை, பிரெஞ்சு!"

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பிரெஞ்சாவும் இருக்கலாங்க அன்ரி" என்றேன்.

"இடைக்கிடை லண்டன் பவுண் அடையாளமும் நிக்குது" என்று அவர் யோசித்தார். பவுண் அடையாளமாக நின்றது எங்கள் ண என்பது எனக்கும் அப்போது தெரியாது. பாவம், வணக்கத்தின் நடுவில் நின்ற ண.

அன்றைய கடிதத்தை அன்ரி ரமணனுக்கு அனுப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மறுநாளே பதில் வந்தது. அன்ரி எழுந்து நின்று வாசித்தார். "மதிப்புக்குரிய அம்மையாருக்கு, தங்கள் நிலையம் சிறந்த சேவையாற்றி வருவதையிட்டுப் பெருமகிழ்ச்சி அடைகிறோம். தொடர்ந்தும் எம்முடன் இணைந்திருக்குமாறு வேண்டுகிறோம்." இப்படி இரண்டு பந்தி. கடைசியில் ஒரு பணிப்பாளர் ஒப்பமிட்டிருக்கிறாராம். அந்தப் பணிப்பாளர் நான்தான். வாய்க்குள் பருப்போடு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன அறிவு! என்ன பணிவு!" என்றார் அன்ரி. "தர்ஷினி, உமக்கு இந்தப் பெடியன்தான்."

முந்திய நாள் வரை மத்திமமாயிருந்த பொருத்தம் அன்று பின்னேரம் உத்தமமாகியது. பாமன்கடைக்குத் தொலைபேசி போனது. தர்ஷி அக்காவின் அம்மா மகிழ்ச்சியில் அழுதார், பிறகு சேலை பார்க்கக் காலி வீதிக்குப் புறப்பட்டுவிட்டார். தர்ஷி அக்கா தட்டுவதை நிறுத்தவில்லை. "சரி அன்ரி" என்றாள். அந்த "சரி"யில் உப்பு இல்லை.

என் நிலையை யோசித்துப் பாருங்கள். இந்த உலகத்திலேயே அந்தக் கடிதம் பிரெஞ்சு இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான். எழுதியவளே நான்தானே! ஆகவே மொன்றியல்காரர் வாய்க்கு வந்ததை அளந்திருக்கிறார் என்பதும் எனக்கு மட்டுமே தெரியும். ஆனால் அவர் புளுகன் என்று சொல்ல வேண்டுமென்றால், முதல் புளுகு என்னுடையது என்றும் சொல்ல வேண்டும். பஸ்ஸில் கொட்டாஞ்சேனை வரைக்கும் இதையே நினைத்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இறங்கி நடந்தேன்.

சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்று மென்பொருளின் அமைப்புகளைக் குடைந்தேன். அடுத்த நாள் கடிதம் முழுவதும் கேள்விக்குறிகளாக வந்தது. வரிவரியாக, வேறு ஒன்றுமே இல்லை.

"பிள்ளை, இப்ப ஏன் இது என்னைக் கேள்வி கேக்குது?"

அதையும் அன்ரி ரமணனுக்கு அனுப்பினார். "முதல் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடாததால விளக்கம் கேட்டிருக்கினம் அன்ரி" என்று அவர் தொலைபேசியிலேயே சொன்னார். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. புளுகுவதிலும் ஒரு திறமை இருக்கிறது. எனக்கு அந்தளவு வராது. அமைப்புகளைப் பழையபடியே வைத்துவிட்டேன்.

அன்ரி அன்றைக்கே உட்கார்ந்து, ஆங்கிலத்தில், திருத்தமாக ஒரு பதிலைப் பேனாவால் எழுதி, பிறகு தட்டினார். கடிதங்கள் வந்த முகவரிக்கே அனுப்பினார். அந்த முகவரி நான் உண்டாக்கியது. ஆகவே பதில் அவருடைய அறையிலிருந்து புறப்பட்டு, எட்டடி தூரத்தில் இருந்த என் திரையில் வந்து விழுந்தது. மதிப்புக்குரிய பணிப்பாளருக்கு, உங்கள் அன்பான கடிதங்களுக்கு இவ்வளவு நாள் பதில் எழுதாதது என் தவறு, வயதானவள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் களைத்துப்போய்ப் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அன்ரி கோயிலுக்குப் போனதும் அவருடைய கொம்பியூட்டரில் போய் உட்கார்ந்தேன். விடை ஒரு சின்ன வரி. கடிதம் எழுத்தாகப் போவதில்லை, இலக்கங்களாகத்தான் போகிறது. இவை எந்த எழுத்துமுறைக்கான இலக்கங்கள் என்று கடிதத்தின் தலையில் ஒரு வரி சொல்ல வேண்டும். நான் அதைப் போடவில்லை. என்னுடைய கொம்பியூட்டர் தானாக ஊகித்துக்கொண்டது. அன்ரியுடைய பழைய கொம்பியூட்டரோ, கடிதம் ஐரோப்பாவிலிருந்து வந்ததாக்கும் என்று நினைத்து ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் மூன்றாக உடைத்துக் காட்டியிருக்கிறது. எழுத்துமுறையை மாற்றுகிற பட்டியல் ஒன்று மூலையில் இருந்தது. மாற்றினேன். கடிதம் சட்டென்று தமிழாயிற்று.

வணக்கம் அன்ரி. இன்றைய கோப்புகள் பிரதி எடுக்கப்பட்டன. திறந்திருந்ததால் எடுக்க முடியாத கோப்பு: குகன், பாரிஸ்.

முந்திய நாளுடையதைத் திறந்தேன். எடுக்க முடியாத கோப்பு: குகன், பாரிஸ். அதற்கு முந்தியது. குகன், பாரிஸ். கேள்விக்குறியாய் வந்தவை தவிர ஒரு மாதக் கடிதம் அத்தனையிலும் அதே பெயர். யாரோ ஒவ்வொரு நாளும் சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஒரு கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

எங்கள் நிலையத்தில் யாருமே கேட்காத மாப்பிள்ளை அந்தக் குகன். தொழில், உணவகத்தில் சமையல். படத்தில் ஒரு பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் ஏப்ரனோடு நின்றார், வேறு படம் இல்லையாம். எதிர்பார்ப்பு என்ற இடத்தில் எல்லோரும் அழகு, படிப்பு, நற்குடும்பம் என்று நிரப்புவார்கள். அவர் எழுதியிருந்தது: வீட்டில் கதைக்க ஓர் ஆள்.

திரும்பிப் பார்த்தேன். தர்ஷி அக்கா என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். திரையை வாசித்துவிட்டாள். குடையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"எத்தினை நாள் உப்பிடி வந்திருக்கு?"

"எல்லா நாளும் அக்கா."

"சனிக்கிழமையுமோ?"

"சனிக்கிழமையும்."

கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். "நான் சும்மா படத்தைத்தான் பாக்கிறனான். சாப்பிடேக்க துணைக்கு ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்." பிறகு, "உந்த வரியை மட்டும் அன்ரிக்குக் காட்டிப் போடாதையும்" என்றாள்.

காட்டவில்லை. ஆனால் மற்றதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். விட்டுப்போன வரியைப் போட்டுவிட்டதால் சனிக்கிழமை ஒரு மணிக் கடிதம் சரியான தமிழில் வரும் என்றும், அந்த நேரம் எந்தக் கோப்பையும் திறந்து வைக்காதே என்றும் இரண்டு தடவை சொன்னேன். தலையாட்டினாள்.

மறுநாள் காலை அன்ரி முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். ரகசிய எழுத்து பொய், பிரெஞ்சு பொய், பணிப்பாளர் நான். அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். திரும்பவும் கழற்றினார்.

"நான் வெள்ளவத்தை முழுக்கச் சொல்லிப்போட்டனே பிள்ளை."

"தெரியுமுங்க அன்ரி."

"அந்தத் தாய் கண்ணில ஒத்தினவ!"

"பாத்தேங்க."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் எழுந்து போய்க் கடல் பக்க யன்னலைத் திறந்துவிட்டு, "அப்ப அந்தப் பெடியன் வாசிச்சது என்னத்தை?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல், "ஒரு மணிக்குக் கடிதம் வரட்டும். நானே வாசிக்கிறன். அதுக்குப் பிறகு உம்மை என்ன செய்யிறதெண்டு யோசிப்பம்" என்றார்.

ஒரு மணிக்கு மூவரும் பார்சலைப் பிரித்தோம். ஒன்றேகாலுக்கு அன்ரியின் கொம்பியூட்டர் டிங் என்றது. கையைக் கழுவிவிட்டு வந்து, வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல் உரத்து வாசித்தார். "வணக்கம் அன்ரி. இன்றைய கோப்புகள் பிரதி எடுக்கப்பட்டன. ஆகா, நல்ல தமிழ். திறந்திருந்ததால் எடுக்க முடியாத கோப்பு: குகன், பாரிஸ்."

கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ஆர் திறந்தது?"

நான் என் கத்தரிக்காயைப் பார்த்தேன். தர்ஷி அக்காவின் கை சோற்றிலேயே நின்றது. அவளுடைய திரையில் ஏப்ரனும் அண்டாவும்.

சிவகாமி அன்ரி ஏசவில்லை. "ம்" என்றார். ஆசிரியை ஆசிரியைதான், இரண்டு மாணவருக்கும் ஒரே வினாத்தாள் கொடுக்க வேண்டும் என்றார். பழைய பிரெஞ்சுக் கடிதம் ஒன்றைப் பாரிஸுக்கு அனுப்பிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியின் ஸ்பீக்கரைப் போட்டார். அங்கே காலை. பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது.

"தம்பி குகன், அனுப்பினதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்."

பாத்திரச் சத்தம் நின்றது. "அன்ரி, எனக்கு உது விளங்கேல்லை" என்றார் குகன். "எனக்குப் பிரெஞ்சு வடிவாத் தெரியாது. சமையல் சாமான்ர பேருகள்தான் தெரியும். ஆனா உதில ஒரு வெங்காயம் கூட இல்லை."

தர்ஷி அக்கா சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. சோறு புரையேறி, கண்ணில் நீர் வந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆர் அங்க சிரிக்கிறது?" என்றது பாரிஸ்.

அன்ரி ஒரு கணம் யோசித்தார். ஸ்பீக்கரை நிறுத்தி, ரிசீவரைத் தர்ஷி அக்காவின் இடது கையில் கொடுத்தார். என்னைக் கண்ணாலேயே வெளியே கூப்பிட்டுக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்தார். கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் மணித்தியாலம் அங்கேயே இருந்தோம். அவர் என்னை ஏசி முடித்ததும் அந்தப் படியில்தான். வேலை போகவில்லை. ஆனால் ரகசிய எழுத்து பொய் என்று வெள்ளவத்தையில் மூச்சு விடக் கூடாது என்பது நிபந்தனை.

ரமணனுக்கும் அன்ரியே எடுத்துச் சொன்னார். "தம்பி, அந்தக் கடிதம் தமிழ்." அதற்கு அவர் கேட்டாராம், "ஆனா கருத்து ஓரளவுக்குச் சரிதானே அன்ரி?"

தர்ஷி அக்காவின் அம்மா இரண்டு கிழமை யாரோடும் கதைக்கவில்லை. சமையற்காரனா என்று அழுதார். பிறகு குகன் கொழும்புக்கு வந்து, பாமன்கடை வீட்டுக் குசினியில் நின்று ஒரு மத்தியானம் சமைத்துப் போட்டதும் அம்மாவே நாள் பார்த்தார். ரமணனை நினைத்து வாங்கிய பட்டுச் சேலை வீணாகவில்லை. தர்ஷி அக்கா இப்போது பாரிஸில் இருக்கிறாள். பிரெஞ்சு நன்றாகப் பேசுகிறாள். குகன் இன்னும் பேசமாட்டாராம்.

அந்தச் சனிக்கிழமை அவள் மறந்துபோய்த்தான் கோப்பைத் திறந்து வைத்தாளா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. நான் இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.

அந்தக் கட்டிடம் இன்று இல்லை. அந்த இடத்தில் பன்னிரண்டு மாடித் தொடர்மாடி, கீழே ஒரு மருந்துக்கடை. அன்ரி மகனோடு மெல்பேர்னுக்குப் போய், அங்கேயே காலமானார். குறிப்புகளை இப்போது தொலைபேசிக்குள்ளேயே அனுப்புகிறார்கள், மூலையில் மஞ்சள் இல்லை. பகல் ஒரு மணிக்கு எல்லோரும் கையை நிறுத்திவிட்டு ஒன்றாகப் பார்சலைப் பிரிக்கும் அலுவலகம் ஒன்றை நான் கண்டு கனகாலம். அவரவர் திரைக்கு முன்னால் அவரவர் நேரத்துக்குச் சாப்பிடுகிறோம். மென்பொருளும் தேறிவிட்டது. திறந்திருக்கும் கோப்பையும் அது இப்போது அப்படியே பிரதி எடுத்துவிடும். யார் எந்த முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு தனியே சாப்பிடுகிறார்கள் என்று யாருக்கும் கடிதம் வருவதில்லை.